பாலாற்றங்கரையும் பழைய ராணுவத் துப்பாக்கியும்

பாலாறு என்றதும் தமிழ் மக்கள் பலருக்கும் வேலூர்ப் பக்கத்து மணலாறே நினைவுக்கு வரும். நாம் இங்கே குறிப்பது அதுவன்று. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குப் பஸ்ஸில் செல்லும் அன்பர்கள் மாநில எல்லையில் ஒரு பாலத்தைக் கடப்பார்கள். அதன் கீழே ஓடிக் காவிரியில் கலக்கும் காட்டாறே இந்தப் பாலாறு. இதன் கர்நாடகக் கரை முன்பு மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1997-ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

இந்த ஆற்றின் இரு கரைகளிலும் தமிழ் பேசும் மக்கள் வாழ்கின்றனர். பெண் கொடுத்தலும் கொள்ளலும் பாலத்தைத் தாண்டியே நடக்கின்றன. மைசூரிலும் கொள்ளேகாலிலும் குடியேறியுள்ள நம்மவர்கள் பலர், சேலம், ஈரோடு மாவட்டங்களில் உள்ள பூர்வீக வீட்டையும் நிலத்தையும் விட்டுவிடவில்லை. அந்தப் பூர்வீக வீடுகள் சிலவற்றில், பரண் மேலோ கதவிடுக்கிலோ பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று கிடப்பதுண்டு. காட்டுப்பன்றியை விரட்டக் காவல்கொட்டகையில் வைத்திருந்ததாக இருக்கலாம். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியதாகவும் இருக்கலாம். பாகம் பிரிக்கும்போது அண்டாவையும் குத்துவிளக்கையும் போல அதையும் ஒருவர் பங்கில் ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. பழைய துப்பாக்கிகளைப் பற்றி, அவற்றிலும் குறிப்பாக ராணுவ வகைத் துப்பாக்கிகளைப் பற்றி, ஒவ்வொரு குடும்பத் தலைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளைத் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்பைன் என்பது யாது?

நீண்ட குழலையுடைய போர்த் துப்பாக்கியைக் குறுக்கிச் செய்தது கார்பைன். குதிரை வீரனும் பீரங்கிப் படையினனும் நீளமான ரைபிளைத் தூக்கிக்கொண்டு இயங்குவது கடினம். ஆகவே அவர்களுக்கெனக் குழலைக் குறைத்து, எடையையும் குறைத்து, குறுந்துப்பாக்கிகள் செய்யப்பட்டன. இந்த ஏற்பாடு பல நூற்றாண்டுகளாக இருந்து வருவது.

நம் நாட்டில் ராணுவ ரைபிள் என்றவுடன் நினைவுக்கு வருவது, போலீஸார் ‘திரீ நாட் திரீ’ என்று வழங்கும் .303 லீ-என்ஃபீல்டு ஆகும். வங்காளத்தில் உள்ள இஷாப்பூர்த் தொழிற்சாலையில் இவை பெருவாரியாகச் செய்யப்பட்டன. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி, கையால் இழுத்து மூடும் போல்ட், எண்ணெய் பூசிய மரக்கட்டை ஆகியவற்றோடு கூடிய இந்த ரைபிள் இரண்டு உலகப் போர்களைக் கண்டது. பர்மாக் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற நம் தமிழ்ச் சிப்பாய்களின் கையிலும் இதுவே இருந்தது.

இந்த .303 ரைபிளுக்கும் ஒரு குறுகிய தம்பி உண்டு. 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘ஐந்தாம் எண் ரைபிள்’ அது. காட்டுப் போருக்கு ஏற்றது என்பதால் ‘ஜங்கிள் கார்பைன்’ என்று பெயர் பெற்றது. அதன் எடை ஏறக்குறைய 3¼ கிலோதான். குழல் நுனியில் புனல் போன்ற ஓர் உறுப்பு உண்டு. குறுங்குழலிலிருந்து கிளம்பும் தீப்பிழம்பு சுடுபவனின் கண்ணைக் கூசச் செய்யாமலிருக்க அது அமைக்கப்பட்டது. மலாயாவில் 1948-இல் தொடங்கிய நெருக்கடிக் காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றிய நம்மவர்கள், ரோந்து வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் தோளில் இதனைக் கண்டிருப்பார்கள்.

பார்வைக்கு அழகான இந்தக் கார்பைனில் இரண்டு குறைகள் இருந்தன. எடை குறைந்ததால் தோளில் உதைக்கும் உதை மிகுந்தது. அதைத் தாங்க அடிக்கட்டையில் ரப்பர்ப் பட்டை வைக்க வேண்டியதாயிற்று. மற்றொன்று, இன்று குறி பார்த்துச் சரிசெய்தால் நாளை குறி வேறிடத்தில் விழுகிறது என்னும் புகார். பிரிட்டிஷ் ராணுவம் இதனை ஆராய்ந்து பார்த்துவிட்டு உற்பத்தியையே நிறுத்திவிட்டது. எடையையும் நீளத்தையும் குறைப்பதற்கு விலை உண்டு என்பதற்கு இது தக்க சான்று.

போலீஸாரும் சிறைக் காவலரும் வைத்திருந்த .410 மஸ்கட் மற்றொரு வகை. பழைய .303 ரைபிளையே இஷாப்பூரில் மாற்றி, ஒரு வேளைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடத்தக்கதாகச் செய்தனர். பின்னாளில் வந்த 9 மில்லிமீட்டர் ஸ்டெர்லிங் கார்பைன், விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடக்கூடியது. இந்தப் பெயர்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இவை மீண்டும் வரும்.

அமெரிக்காவில் நடந்தது

போர் முடிந்தபின் எஞ்சும் துப்பாக்கிகளை என்ன செய்வது என்பது எல்லா நாடுகளுக்கும் பொதுவான வினா. ஐக்கிய அமெரிக்கா அவற்றைக் குடிமக்களுக்கு விற்றது.

இரண்டாம் உலகப் போருக்காக அந்நாடு ‘எம் 1 கார்பைன்’ என்னும் குறுந்துப்பாக்கியை 1941-இல் ஏற்றுக்கொண்டு, அறுபது லட்சத்துக்கு மேல் செய்து குவித்தது. துப்பாக்கித் தொழிற்சாலைகள் மட்டும் போதாமையால், அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனியும், கணக்கு இயந்திரம் செய்த ஐ.பி.எம். கம்பெனியும், காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி செய்த ராக்-ஓலா கம்பெனியும் இக்கார்பைனைச் செய்து கொடுத்தன. அலுவலகத்தில் டைப்ரைட்டரோடு காலம் கழித்த பழைய குமாஸ்தாக்களுக்கு இச்செய்தி வியப்பூட்டும். 1963-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம், தேசிய ரைபிள் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு இந்தக் கார்பைனை ஒன்று 20 டாலருக்கு விற்றது. அவற்றை வாங்கியவர்கள் துடைத்து எண்ணெயிட்டு, இலக்குப் பலகையில் சுட்டு மகிழ்ந்தனர். எந்தக் கம்பெனியின் முத்திரை, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று ஆராய்வதே பலருக்கு ஒரு கலையாகிவிட்டது.

அங்கே பழைய துப்பாக்கி வாங்குவோர் மூன்று விஷயங்களை முதலில் பார்ப்பார்கள். குழலின் உள்ளே திருகுப் புரி தேயாமலும் துருவேறாமலும் இருக்கிறதா? போல்ட் மூடும்போது தோட்டாவின் அடிப்புறத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துகிறதா? உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா? இவற்றுள் இரண்டாவது உயிரைக் காப்பது. இடைவெளி மிகுந்தால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, வெடிவாயு சுடுபவன் முகத்திலேயே பாயும். பழைய ராணுவத் தோட்டாக்களுக்கு மற்றொரு தீங்கும் உண்டு. அவற்றின் கேப்பில் உள்ள மருந்து எரிந்தபின் உப்பாகப் படிந்து, ஈரத்தை இழுத்து, குழலை அரித்துவிடும். அதனாலேயே பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். உப்பைக் கரைக்க எண்ணெய் பயன்படாது, நீர்தான் வேண்டும்.

ஆனால் அதே 1963-ஆம் ஆண்டின் மற்றொரு விற்பனையை உலகம் மறக்கவில்லை. இத்தாலிய ராணுவம் கழித்த கார்க்கானோ ரைபிள் ஒன்றை, தொலைநோக்கியுடன் 19 டாலர் 95 சென்ட்டுக்கு, பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒருவன் சிகாகோக் கடையிலிருந்து தபாலில் வரவழைத்தான். அதனைக் கொண்டே நவம்பர் 22-ஆம் நாள் டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார் என்று விசாரணைக் குழு முடிவு கூறியது. இதன்பின் 1968-இல் இயற்றப்பட்ட சட்டம், தபால் மூலம் மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி விற்பதைத் தடை செய்தது. போர்க்களத்துக்கெனச் செய்த பொருள், விலை மலிந்த பின்னும் போர்க்களப் பொருளே.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாடு வேறு வழியில் சென்றது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்யத் தொடங்கிய ஆங்கில அரசு, 1878-இல் ஆயுதச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியா அதனை நீக்கி 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. 1962-இல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள விதிகள் 2016-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. 2019 டிசம்பரில் சட்டம் மேலும் கடுமையாகத் திருத்தப்பட்டது.

இந்த விதிகளில் தடை செய்யப்பட்ட ஆயுதங்கள் எனத் தனியே ஓர் அட்டவணை உண்டு. .303, 7.62 மில்லிமீட்டர் ரைபிள்களும், அந்த ராணுவத் தோட்டாக்களை ஏற்றுச் சுடக்கூடிய வேறெந்த ரைபிளும் அதில் அடங்கும். .410 மஸ்கட்டும், ராணுவத்தின் 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் ஆகியவையும் அடங்கும். தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றுக்கு மாவட்ட அதிகாரி உரிமம் வழங்க இயலாது. மத்திய அரசாங்கத்துக்கே அந்த அதிகாரம் உண்டு. சாதாரணக் குடும்பத்தினருக்கு அது கிட்டாத கனி என்றே கொள்ளலாம்.

துப்பாக்கி நூறு வயதுக் கிழமாயினும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று சிலர் கேட்கலாம். விடை தோட்டாவில் இருக்கிறது. துப்பாக்கி வெறும் குழாய். தோட்டாதான் அதற்கு உயிர். ராணுவமும் போலீஸும் வைத்திருக்கும் அதே தோட்டா வெளியாரின் துப்பாக்கியிலும் பொருந்துமானால், கிடங்கிலிருந்து திருடப்படும் ஒவ்வொரு பெட்டித் தோட்டாவும் வெளியில் விலை போகும். இதைத் தடுக்கவே, தனியார் ரைபிளுக்கு வேறு அளவுத் தோட்டா வகுக்கப்பட்டது. நம் நாட்டு அரசாங்கத் தொழிற்சாலையில் செய்து விற்கும் .315 ரைபிளை அன்பர்கள் சிலர் கண்டிருக்கலாம். அதன் உடலமைப்பு லீ-என்ஃபீல்டின் சாயலே, ஆனால்.303 தோட்டா அதில் பயன்படாது.

போலீஸ் துறையினரும் .303 ரைபிளைப் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றனர். 2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு பம்பாய் சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில், நவீனத் துப்பாக்கிகளோடு வந்த பயங்கரவாதிகளைப் பழைய .303 ரைபிள்களோடு எதிர்த்த காவலர்களின் நிலையை ரயில்வே ஊழியர்களாகிய நாங்கள் என்றும் மறக்க இயலாது. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020-ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தன்று அணிவகுப்பில் அதற்கு விடை கொடுத்தனர். இவ்வாறு கழிக்கப்படும் துப்பாக்கிகள் அமெரிக்காவைப் போல இங்கே பொதுமக்களுக்கு விற்பனைக்கு வருவதில்லை. “கழித்த ராணுவத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கும், காகிதமெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எவரேனும் சொன்னால், அந்த ஆளைவிட்டு விலகுவதே அறிவுடைமை.

குடகு நாட்டு விலக்கு

“குடகர்கள் மட்டும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கிறார்களே?” என்பது மைசூரில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. உண்மைதான். கொடவ இனத்தாருக்கும் ஜம்மா நில உரிமையாளருக்கும் ஆங்கிலேயர் காலத்தில் அளிக்கப்பட்ட விலக்கு இன்றும் நீடிக்கிறது. 2019-இல் மத்திய அரசாங்கம் அதனைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. கைல்போதுப் பண்டிகையன்று அவர்கள் துப்பாக்கிகளை அலங்கரித்துப் பூசையில் வைப்பதை நேரில் கண்டவர்கள் நம்மில் உண்டு.

ஆனால் இந்த விலக்கு அவர்கள் குலத்துக்கும் நில உரிமைக்கும் உரியது. குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறோம் என்பதாலோ, அங்கே வீடு கட்டிக்கொண்டோம் என்பதாலோ அது நமக்கு வந்துவிடாது. முதலாளியின் துப்பாக்கியைத் தோட்டக் காவலுக்காக வாங்கித் தோளில் மாட்டிக்கொள்ளும் நம் இளைஞர்கள் இதனை நன்கு உணர வேண்டும்.

பாலாற்றின் படிப்பினை

இனிப் பாலாற்றுக்கு வருவோம். இந்தக் காட்டுப் பகுதியில் துப்பாக்கி எவ்வளவு துன்பம் விளைத்தது என்பதை முதியவர்கள் அறிவார்கள். 1992 மே மாதத்தில் வீரப்பன் கூட்டத்தார் ராமாபுரம் போலீஸ் நிலையத்தைத் தாக்கினர். போலீஸார் ஐவர் உயிரிழந்தனர். நிலையத்தில் இருந்த ஆயுதங்களும் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடி வெடித்ததில் போலீஸார், வனக்காவலர், அவர்களோடு சென்றவர்கள் என 22 பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்து இரு மாநில எல்லைக் கிராமங்களில் கைதுகள் பெருகின. தடாச் சட்டத்தின் கீழ் மைசூர்ச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தனர். 2001-இல் வழக்கு முடிவுற்றபோது அவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்றனர். விடுதலை கிடைத்தது, கழிந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை.

அந்தக் காலம் 2004-இல் முடிந்தது என்றாலும், துப்பாக்கியைப் பற்றிய சந்தேகம் இக்காட்டைவிட்டு நீங்கவில்லை. 2023 பிப்ரவரியில் பாலாற்றுப் பகுதியில் கர்நாடக வனத்துறையினர் சுட்டதன் பின்னர், தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிராமத்தவர் ஒருவரின் உடல் ஆற்றில் மீட்கப்பட்டது. மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்று வனத்துறையினர் கூறினர். மீன் பிடிக்கச் சென்றவர் என்று உறவினர் கூறினர். எல்லையில் சில நாள் போக்குவரத்தும் நின்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற இக்கட்டுரை வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: இத்தகைய இடத்தில் காகிதமில்லாத துப்பாக்கி ஒன்று கையில் இருந்தால், அதை வைத்திருப்பவரின் சொல் எடுபடாது.

இப்பகுதிக்கு மூன்று விதிகள் சிறப்பாகப் பொருந்தும். முதலாவது, உரிமத்தின் எல்லை. உரிமப் புத்தகத்தில் அது செல்லும் பரப்பு எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று எழுதப்பட்ட உரிமம் பாலத்தின் வடகரையில் செல்லாது. தென்கரையில் சட்டத்துக்கு உட்பட்டவராக இருந்தவர், பஸ் பாலத்தைக் கடந்ததும் குற்றவாளியாகிவிடுகிறார்.

இரண்டாவது, வனவிலங்குச் சரணாலயம். மாதேசுவரன் மலைக் காடும் காவிரிக் கரைக் காடும் இன்று சரணாலயங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து மூலமான முன் அனுமதியின்றி எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துள் நுழையலாகாது. இவ்வூர்ச் சாலைகள் பல சரணாலயத்தின் ஊடே செல்வன என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, பத்துக் கிலோமீட்டர் விதி. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வசிப்போர் துப்பாக்கி உரிமம் பெற்றிருந்தால், தம் பெயரை வனத்துறையிடமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்குவதற்கும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் இசைவு தேவை.

வீட்டில் பழந்துப்பாக்கி இருந்தால்

நான் பணிபுரியும் ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்துக்கு முதியவர் ஒருவர் வந்தார். மேட்டூர்ப் பக்கத்துக்காரர், மகனோடு மைசூரில் குடியிருப்பவர். தமையனார் காலமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது.

“தம்பி, அண்ணன் துப்பாக்கியை ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவர வேண்டும். மரப்பெட்டியில் வைத்துப் பார்சல் போட்டால் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார்.

“உரிமம் யார் பெயரில் இருக்கிறது, ஐயா?”

“அண்ணன் பெயரில்தான். அவருக்குப் பிள்ளை இல்லை. நிலம் எனக்கு வந்ததுபோல இதுவும் எனக்கு வந்ததுதானே?”

“நிலம் உங்களுக்கு வந்துவிட்டது, ஐயா. துப்பாக்கி இன்னும் வரவில்லை. உரிமம் அவரோடு முடிந்துபோயிற்று. இப்போது அது எந்தப் பெட்டியில் இருந்தாலும் சட்டப்படி யாருடைய கையிலும் இருக்கக் கூடாத பொருள். பெட்டியைத் தொடாமல் ஊர்ப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்” என்றேன்.

பெரியவர் முகம் வாடியது. அண்ணன் கைபட்ட பொருள் அல்லவா? ஆயினும் அவ்வாறே செய்தார். பிறகு பிள்ளைகளோடு கலந்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி மூலம் விற்றுவிட முடிவு செய்தார். அண்ணன் இடுப்பில் கட்டிய தோல் தோட்டாப்பட்டையை மட்டும், வெறுமையாக, நினைவுக்கு வைத்துக்கொண்டார்.

அவருக்குச் சொன்னவற்றையே நேயர்களுக்கும் விரித்துக் கூறுகிறேன்.

ஒன்று: வீட்டில் உள்ளது எவ்வகைத் துப்பாக்கி என்று முதலில் அறிக. உரிமப் புத்தகத்தில் வகையும், குழலின் அளவும், எண்ணும் இருக்கும். புத்தகம் இல்லையெனில் துப்பாக்கியைக் கையிலெடுத்து ஆராய வேண்டாம். மருந்து கெட்டித்து வைத்த நாட்டுத் துப்பாக்கி பல ஆண்டுக்குப் பின்னும் வெடிக்கக்கூடும்.

இரண்டு: உரிமம் பெற்றவர் மறைந்தாலும், உரிமக் காலம் முடிந்தாலும், தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதைக் கட்டளையிடுகிறது. ஒப்படைத்ததனால் உடைமை போய்விடாது. வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்று மீட்கலாம்; அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்றுப் பணம் பெறலாம். ரசீதைப் பத்திரப்படுத்துக.

மூன்று: வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது மற்ற வாரிசுகளின் இசைவும் தேவைப்படும். தந்தையார் உயிரோடிருக்கும்போதே, அவருக்கு எழுபது வயது நிரம்பினாலோ, துப்பாக்கி அவரிடம் இருபத்தைந்து ஆண்டு இருந்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்க விதி இடங்கொடுக்கிறது. பின்னால் பிள்ளைகள் அலைவதைவிட இது நன்று. தமிழ்நாட்டு மாவட்டங்களில் கலெக்டரும், கர்நாடக மாவட்டங்களில் டெபுடி கமிஷனரும், சென்னை, மைசூர் போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரும் உரிம அதிகாரிகள்.

நான்கு: குடிபெயர்ந்தவர்கள் புதிய முகவரியைப் பழைய, புதிய அதிகாரிகள் இருவருக்கும் தெரிவித்துப் பதிந்துகொள்ள வேண்டும். நம் குடும்பங்களில் பெரிதும் தவறவிடப்படுவது இதுவே. துப்பாக்கியை எல்லை கடத்துமுன் இது முடிந்திருக்க வேண்டும்.

ஐந்து: ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் முன்பு மூன்று, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டே. பாகத்தில் வந்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆறு: தகரப் பெட்டியில் கிடக்கும் பழந்தோட்டாக்களும் உரிமத்துக்கு உட்பட்டவையே. கிணற்றில் எறியவோ அடுப்பிலிடவோ வேண்டாம். போலீஸ் நிலையத்துக்குச் செய்தி சொல்லி, அவர்கள் கூறும் முறைப்படி ஒப்படைக்க.

ஏழு: குழலை அறுத்துக் குறுக்கலாகாது. ஒளித்து வைக்க வசதி என்று கொல்லரிடம் கொடுத்துக் குழலை அறுப்போர் உண்டு. உரிமமின்றி இவ்வாறு செய்வதே தனிக் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி தண்டனை ஏழாண்டுக்குக் குறையாது. ஆயுள் வரையும் செல்லும். மேலும், இருபது அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரவைத் துப்பாக்கி தடை செய்யப்பட்ட வகையில் சேர்ந்துவிடும். சாதாரண நாட்டுத் துப்பாக்கியை ஒரு அரம் ராணுவத் துப்பாக்கிக்குச் சமமாக்கிவிடுகிறது!

“இது சுடாது, அலங்காரத்துக்குத்தான்” என்று கூறுவோர்க்கும் ஒரு சொல். பழமை வாய்ந்த, பழுதுபட்ட ஆயுதங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட இயலாதது என்பதே அதன் நிபந்தனை. ஒரு திருகாணியை மாற்றினால் சுடும் என்றால், சுவரில் மாட்டியிருந்தாலும் அது துப்பாக்கியே. உரிமமின்றிச் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரையும், தடை செய்யப்பட்ட வகை வைத்திருப்போருக்கு ஏழு முதல் பதினான்கு ஆண்டு வரையும் சிறை என்பது இன்றைய சட்டம். கலியாணத்திலும் திருவிழாவிலும் பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி வானத்தை நோக்கிச் சுடுவதும், உரிமம் இருந்தாலும் குற்றமே.

சுடும் கலையில் ஆசை இருந்தால்

இத்தனையும் கேட்டு, துப்பாக்கி என்றாலே தீது என்று எண்ண வேண்டா. குறி பார்த்துச் சுடுதல் மனவொருமையும் கையடக்கமும் வேண்டும் நல்ல கலை. பிள்ளைகளுக்கு அதில் ஆசை இருந்தால், பரண் மேல் இருக்கும் துப்பாக்கியைக் காட்டாமல் தேசிய மாணவர் படையில் சேர்த்துவிடுங்கள். அங்கே ஆசிரியர் மேற்பார்வையில், .22 ரைபிளில் முறையாகப் பயிற்சி கிடைக்கும். 1951-இல் தோன்றிய இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்தைச் சார்ந்த சங்கங்கள் இரு மாநிலங்களிலும் உள்ளன. ஆண்களும் பெண்களும் அங்கே பயில்கின்றனர். காற்றுத் துப்பாக்கியிலும், .177 அங்குலத்துக்கு மேற்பட்ட குழலோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட விசையோ உடையவற்றுக்கு உரிமம் வேண்டும் என்பதை வாங்குமுன் அறிந்துகொள்க.

விதிகள் காலந்தோறும் மாறக்கூடியவை. ஆதலால் இங்கே கூறியதை வழிகாட்டியாகக் கொண்டு, முடிவான செய்தியை உரிம அதிகாரியின் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டுகிறேன்.

அடுத்த முறை விடுமுறைக்குப் பூர்வீக ஊருக்குச் செல்லும் அன்பர்கள், பரணை ஒருமுறை பார்க்கவும். பெரியவர்களிடம் ஒருமுறை கேட்கவும். துப்பாக்கி இருந்தால் உரிமப் புத்தகத்தை எடுத்து, யார் பெயர், எந்த ஆண்டு வரை, எந்த எல்லைவரை என்னும் மூன்றையும் படியுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் நிம்மதியாகத் திரும்பலாம். ஒன்று குறைந்தாலும், ஊரைவிட்டுப் புறப்படுமுன் போலீஸ் நிலையப் படியேறிவிடுங்கள். அரைநாள் வேலைதான். பாட்டனார் தம் பயிரையும் குடும்பத்தையும் காக்க வைத்திருந்த பொருள், பேரப்பிள்ளையைக் கோர்ட்டுப் படி ஏற்றுமாறு விட்டுவிடலாகாது.